கூடம் கோணல்தான்

வீரம்மா வீட்டுக்குள்ளேயே வழுக்கி வழுக்கி விழுகிறாள் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அவள் விழவில்லை. அந்த வீடு அவளைத் தள்ளிவிட்டது. இதைச் சொன்னால், "வயசாயிருச்சு லா ஆன்டி, என்ன செய்ய முடியும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மண்ணாங்கட்டி வயசு.

என் பெயர் வள்ளியம்மா. கிள்ளானில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே கடுகு பொரிந்தால் இங்கே கேட்கும். இங்கே நான் தும்மினால் அவள் அங்கிருந்து "நூறு" என்பாள். இரண்டு பேரும் பக்கத்து ஊர் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். எங்களுக்குள் வாடி போடிதான், இந்த வயதிலும். அவள் கதையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பெற்ற மகன் சொல்வானா?

காப்பார் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள் வீரம்மா. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தபோது அவள் புருஷன் கமலநாதன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பேக்டரி பஸ்ஸுக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போன வீரம்மா, யாரிடமும் கேட்காமல் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்சீட்டில் நான், என் மடியில் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பை. மழை கொட்டும். இந்தப் பக்கம் ஒரு கண்டெய்னர் லோரி, அந்தப் பக்கம் ஒரு கண்டெய்னர் லோரி, நடுவில் புகுந்து போவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவேன். "கண்ணத் தொறடி! நீ சாஞ்சா வண்டியும் சாயும்" என்று முன்னாலிருந்து கத்துவாள். ஒருநாளும் வண்டி சாய்ந்ததில்லை. பாசார் சந்தையிலிருந்து அரிசி மூட்டையை முன்னால் வைத்து, மகனைப் பின்னால் உட்காரவைத்துத் துணியால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு ஓட்டி வருவாள். அப்படி இருந்தவளுக்குத்தான் சொந்த வீட்டில் நடக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள்.

இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த அந்த மகன்தான் பிரவின். பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி மலர்விழிக்குப் பங்சாரில் ஆபீஸ். விடிவதற்கு முன்பே காரை எடுத்தால் ஹைவே ஜாமில் நின்று நின்று போய், பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். பிரவின் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான். சத்தம் போட்டுப் பேசமாட்டான். அம்மாவை "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவான். கெட்டவனாக இருந்தாலாவது வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மனசு ஆறலாம். மரியாதையாகக் கழுத்தை அறுக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

கமலநாதன் இருந்த காலத்தில் வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினார். பழைய கூடம் முடிகிற இடத்தில் புதுத் தரை தொடங்கும். கிள்ளான் மண் இளகின மண். பழைய வீடு ஆழக் கால் ஊன்றி நிற்கிறது. ஒட்டிக் கட்டிய பகுதி மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எங்கள் வரிசையில் பாதி வீடுகள் அப்படித்தான், அவள் வீட்டில் கூடுதல். கூடத்தைத் துடைத்தால் தண்ணீர் தானாகப் பின்மூலைக்கு ஓடிப்போய் நிற்கும். வெங்காயம் கைதவறினால் அந்த மூலையில் போய்த்தான் தேடவேண்டும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். குளியலறைக்குப் போகிற வழியும் அதுதான். அங்கேதான் அவள் முதல் தடவை விழுந்தாள். மறுபடி அதே இடத்தில் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போடும்படி ஆனது.

"தரை சாஞ்சிருக்குப்பா. கால வெச்சா இழுக்குது" என்று மகனிடம் சொன்னாள்.

"இப்பதான டைல்ஸ் மாத்தினோம், தரை எப்படிம்மா சாயும்? உங்களுக்குத் தலை சுத்துது. கிளினிக் போயிட்டு வருவோம்" என்றான் அவன்.

போனார்கள். அவளை வாய் திறக்கவிடாமல் இவனே எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்தான். தலைச்சுற்றலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்டால் அவளுக்குக் காலைப் பசியாறும்போதே கண் சொருகும். பின்சந்துக் கேட்டில் வந்து நின்று என்னோடு பேசிக்கொண்டே தூங்கி விழுவாள். நிஜமான தலைச்சுற்றல் அந்த மாத்திரைக்குப் பிறகுதான் வந்தது.

மலர்விழி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு அத்தை நீங்க சொல்றது" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். வீரம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் அதைச் சொல்லும்போது முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள்.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு பிரவின் புதுப் பேச்சு ஒன்றை எடுத்தான். ஷா ஆலம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். நர்ஸ் உண்டு, தோசை இட்லி உண்டு, ஆஸ்ட்ரோவில் தமிழ்ச் சேனல் உண்டு. "ஹோம்" என்று அவன் சொல்கிறபோது ஏதோ கேமரன் மலைக்கு டூர் போகச் சொல்வதுபோல் இருக்கும்.

"பகல்ல நீங்க தனியா இருக்கீங்க ம்மா. தலை சுத்தி விழுந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு பாக்குறது? மாத்திரைய ஒழுங்காப் போடுங்க. அதுக்கும் நிக்கலன்னா ஹோம்தான் வழி."

வீடு அவன் பேரில் இருக்கிறது. கமலநாதன் காரியம் முடிந்த கையோடு வீரம்மாவே மாற்றிக் கொடுத்தாள். வேண்டாம்டி வேண்டாம்டி என்று நான் அடித்துக்கொண்டேன். "எம்புள்ளைக்கு இல்லாம யாருக்கு?" என்றாள். யாருக்குமில்லை, உனக்குத்தான் என்றேன். கேட்டால்தானே.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாகிறவரைக்கும் அந்த வீட்டில் இருக்கவேண்டும். தன் தலை நன்றாக இருக்கிறது, தரைதான் சரியில்லை என்று மகன் ஒத்துக்கொண்டுவிட்டால் அந்த ஹோம் பேச்சு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாள். நியாயமான கணக்குத்தானே? விழுவதற்குக் காரணம் தரை என்றால் தரையைத்தானே சரி செய்வார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கு நடுவில் பிரவினுக்கு ஆபீஸில் வரவேண்டிய பதவி உயர்வு வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. உடனே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தான். நெற்றி நிறையச் சந்தனம், கையில் திசைகாட்டி. வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, வெங்காயம் ஓடிப்போய் நிற்கிற அதே மூலையில் வந்து நின்றார்.

"இதுதான் ஈசானிய மூலை. வீட்டுக்கே இதுதான் உயிரு. மத்த மூலையவிட இது தாழ்ந்திருக்கணும். இங்க தண்ணி இருக்கணும்" என்றார்.

வீரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அது தாழ்ந்துதான் சாமி இருக்கு! நல்லாப் பாருங்க, நான் அங்கதான் விழுந்தேன்" என்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் தலைசுத்தல், சார்" என்றான் பிரவின்.

"ஓ, அப்படிங்களா" என்று அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஆறடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி, அதில் ஒற்றை அரோவானா மீன், ஈசானிய மூலையில். மூன்றே மாதத்தில் பிரவின் எங்கேயோ போய்விடுவானாம். அந்த மூலையில்தான் வீரம்மாவின் நாற்காலி கிடந்தது, பக்கத்தில் அவள் ரேடியோ. இரண்டையும் குளியலறைக் கதவோரம் நகர்த்தினார்கள்.

ஒரு சனிக்கிழமை தொட்டி வந்தது. கடை ஆட்கள் இரும்பு ஸ்டாண்டை வைத்து, அதன்மேல் பஞ்சுப் பலகை விரித்து, கண்ணாடித் தொட்டியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டாண்டின் இடப்பக்கக் கால்கள் பழைய கூடத்தில், வலப்பக்கக் கால்கள் ஒட்டிக் கட்டிய தரையில். பிரவின் குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தான். நான் என் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"வள்ளி! ஏ வள்ளி! ஓடியாடி!"

விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாவுக் கையோடு பின்சந்து வழியாக ஓடினேன். வீரம்மா தொட்டிக்கு முன்னால் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பல்.

"பாருடி. நீயே பாரு. நான் ஒண்ணும் சொல்லல."

பார்த்தேன். இடப்பக்கம் தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. வலப்பக்கம், அந்த மூலையில், விளிம்பைத் தொட்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டால் வழிந்துவிடும். கண்ணாடி ஒரு பக்கம் கோணலாக நிற்க, தண்ணீர் மட்டும் தன்பாட்டில் நேராக நின்றது.

"தண்ணி பொய் சொல்லுமாடி?" என்றாள்.

"மனுஷன்தான் சொல்லுவான்" என்றேன், பிரவின் காதில் விழட்டும் என்று.

பிரவின் குழாயை மூடினான். போனைத் தரையில் வைத்து அதில் மட்டம் பார்த்தான். நகர்த்தி வைத்து மறுபடி பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா லா… சாஞ்சுதான் இருக்கு. நல்லாவே சாஞ்சிருக்கு" என்றான்.

நான் அவளைப் பார்த்தேன். எத்தனை காலமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். கத்துவாள், ஆடுவாள் என்று நினைத்தேன். அவளோ மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்து, "கூடம் கோணல்தான் மலரு" என்றாள். மலர்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி அத்தை" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள், அதையும் நான் சொல்லவேண்டும்.

"அப்ப எனக்குத் தலை சுத்தலப்பா" என்றாள் வீரம்மா மகனிடம்.

"சரிம்மா, அதப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல இத என்ன பண்றதுன்னு பாக்கணும்."

வாஸ்துக்காரருக்குப் போன் போட்டான். நாங்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான். "சாஞ்சிருக்கா? ஈசானியம் பக்கமாவா?" என்று அந்த ஆள் துள்ளினார். "தம்பி, கையே வெக்காதீங்க! ஊர்ல அவனவன் அந்த மூலைய இறக்கக் கடப்பாறையத் தூக்கிட்டு அலையுறான். உங்களுக்கு மகாலட்சுமி தானா வந்து குந்தியிருக்கா!" பிரவின் முகம் மலர்ந்துவிட்டது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு எங்கே போச்சு புத்தி? அம்மா சொன்னபோது சாயாத தரை, தொட்டி சொன்னபோது சாய்ந்தது, வாஸ்துக்காரர் சொன்னதும் அதிர்ஷ்டமாகிவிட்டது. தொட்டியை அப்படியே கோணலாக விட்டுவிட்டான்.

ஆனால் வீரம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டாள். மீதியை என் கண் முன்னாலேயே லோங்காங் சாக்கடையில் கொட்டினாள். அடுத்த சில நாட்கள் அவளைப் பார்க்கவேண்டுமே! கண்ணில் தூக்கம் இல்லை. சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு சாய்வில் நிதானமாக நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே மீன் கழுவினாள், சமையலுக்குரிய மீனை. "டைல்ஸ் ஆளு யாராச்சும் தெரியுமாடி? அவன் கேட்டா டக்குனு நம்பர் குடுக்கணும்" என்றாள். என் வீட்டுப் போர்ச்சைப் போட்டவனுடைய நம்பரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன்.

அரோவானாவும் வந்து சேர்ந்தது. சிவப்பும் பொன்னுமாக, முறைத்துக்கொண்டு. பிரவின் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அதனிடம்தான் போவான். "சாப்பிட்டியாடா? என்னடா கோபம்?" என்பான். வீரம்மா குளியலறை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகாலட்சுமி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தொட்டியின் வலப்பக்க அடிமூலையில், கண்ணாடியும் கண்ணாடியும் ஒட்டுகிற இடத்தில், நூல் மாதிரி தண்ணீர் கசிய ஆரம்பித்தது. பிரவின் பதறிப்போய்க் கடைக்குப் போன் செய்தான். பாரம் முழுக்க ஒரே பக்கம் இறங்குது பாஸ், ஸ்டாண்டை மட்டம் பண்ணாவிட்டால் கண்ணாடி பிளந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மீன் செத்துப்போகும் என்றதும் வாஸ்துக்காரரை மறந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, தூக்கிப்பிடிக்க ஆள் வேண்டுமே.

அரோவானாவை வீரம்மாவின் துணி ஊறவைக்கிற பெரிய பேசினில் விட்டு, மேலே வலையைப் போட்டு மூடினார்கள். தொட்டித் தண்ணீரை எல்லாம் வாளி வாளியாக வெளியே ஊற்றினோம். கண்ணாடி காய்ந்த பிறகு ஒட்டுப்போட, சீக்கிரம் இறுகுகிற ஒரு பசையைக் கடைக்காரர் கொடுத்திருந்தார், அதைப் பிரவின் பூசினான். பிறகு அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே அந்த மூலையில் செருகப் பார்த்தான்.

"கண்ணாடிக்கு அடியில வெக்காதப்பா. வாஷிங் மெஷின் ஆடினா எங்க வெப்போம்? காலுக்கு அடியிலதான? ஸ்டாண்டு நேரா நின்னா தொட்டி தானா நேரா நிக்கும்" என்றாள் வீரம்மா.

அவன் யோசித்துப் பார்த்தான். சரி என்று பட்டது. பட்டறையிலிருந்து இரும்புத் தகடுகள் வாங்கி வந்தான். காருக்கு வைக்கிற ஜாக்கியை ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்து மெல்ல மெல்ல ஏற்றினான். நானும் மலர்விழியும் தொட்டி நகராமல் பிடித்துக்கொண்டோம். தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, தகடுகளை ஒவ்வொன்றாகக் காலுக்கு அடியில் தள்ளியது யார்? மாவுக்கட்டுப் பிரித்து அதிக நாள் ஆகாத கையோடு வீரம்மாதான்.

"இன்னொண்ணு குடு. இன்னும் மெல்லிசா ஒண்ணு. இறக்குப்பா மெதுவா… போதும். நில்லு."

மறுபடி நிரப்பினார்கள். தண்ணீர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விளிம்போடு ஒட்டி ஒரே கோடாக ஏறி வந்தது. கசிவு இல்லை. நாங்கள் கைதட்டினோம். பிரவின் ஈரக் கையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்து, "சூப்பர் லா ம்மா நீங்க" என்றான். அவன் கட்டிப்பிடித்து எத்தனை காலமாயிற்றோ, அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அடுப்படியில் அவளை இழுத்து வைத்துச் சொன்னேன்: "இப்பவே கேளுடி, சூடு ஆறுறதுக்குள்ள. டைல்ஸ்காரன் நம்பரக் குடு."

சாப்பாட்டு மேசையில் கேட்டாள். கோழிப் பிரட்டலை அவன் தட்டில் வைத்துக்கொண்டே, "தொட்டி நேராயிருச்சு. தரைய எப்பப்பா பாக்கப் போற? வள்ளிகிட்ட நல்ல ஆளு இருக்கான்" என்றாள்.

பிரவினும் மலர்விழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் ம்மா" என்றான் பிரவின். குரல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாக இருந்தது. "நீங்க சொன்னதுதான் சரி. நாங்கதான் நம்பல. தரை ரொம்ப மோசமா இருக்கு. இப்படி ஒரு வீட்டுல உங்கள நடக்க விட்டு வெச்சிருக்கோமேன்னு எனக்குத் தூக்கமே வரல. இது உங்களுக்கு டேஞ்சர். ஹோமுக்குப் போன் பண்ணிட்டேன். அடுத்த வாரமே ரூம் ரெடியாம்."

வீரம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் புரியவில்லை. "எனக்குத் தலை சுத்தலப்பா. தரைதான்…" என்றாள்.

"அதான் ம்மா நானும் சொல்றேன். தரைதான்."

தலை சுற்றினால் ஹோம், சுற்றாவிட்டாலும் ஹோம். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. என்னால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டேன்.

"டேய் பிரவின், நல்லா இருக்குடா உன் நியாயம்! கோணத் தரையில மீன் இருக்கணும்னா இரும்புத் தகடு வாங்கியாந்து முட்டுக் குடுக்குற. உன்னப் பெத்தவ இருக்கணும்னா ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி ஊத்தத் தெரியாதா உனக்கு?"

அவன் கோபப்படவே இல்லை. "ஆன்டி, அது சிமெண்டு ஊத்துற வேலை இல்ல. பின்னாடி முழுக்க ஒடச்சு எடுக்கணும். அப்படின்னா தொட்டிய நகத்தணும். இப்பதான செட் பண்ணியிருக்கோம்? அரோவானா ரொம்ப சென்சிட்டிவ். மறுபடி மறுபடி எடம் மாத்தினா ஸ்ட்ரெஸ் ஆயிரும், சாப்பிடாது. வாஸ்து சாரும் அந்த மூலையக் கிளறக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"உன் அம்மாவ எடம் மாத்தினா ஸ்ட்ரெஸ் ஆகாதாடா?"

அதற்கு மலர்விழி பதில் சொன்னாள். "இது எங்க குடும்ப விஷயம் ஆன்டி. ப்ளீஸ்." நான் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். வீரம்மாவுக்காக இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அவள்தான் "போடி, போயிரு" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மகனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது அவளுக்கு, அந்த நிமிஷத்திலும்.

போகிற அன்றைக்கு நல்ல வெயில். ஒரே ஒரு பைதான் கொண்டுபோனாள். பின்பக்கத்துத் தன் அறையிலிருந்து வாசல்வரை, அந்தச் சாய்வின் மேலே, சுவரைத் தொடாமல் நேராக நடந்து வந்தாள். பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள். மகன் பார்க்கட்டும் என்றுதான். அவன் தொட்டிப் பக்கம் குனிந்து, போய்விட்டு வர நேரமாகும் என்று மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை. கார் திரும்புகிறவரைக்கும் நான் ரோட்டில் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஷா ஆலத்துக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்துப் போய்ப் பார்த்தேன். இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறுவிறுவென்று நடந்து காட்டினாள்.

"பாத்தியா? தரை மட்டமா இருக்குடி இங்க. வந்ததுலேருந்து ஒரு தடவைகூட விழல. நர்ஸே சொல்லிட்டா, உங்களுக்குத் தலைசுத்தல் கிடையாது, மாத்திரை வேணாம்னு. எனக்கு ஒண்ணுமில்லடி. நீ போயி அவன்கிட்ட சொல்லு. போன்ல சொல்லலாம்னா எப்பவும் மீட்டிங்ல இருக்கான். நீ நேர்லயே சொல்லு. நர்ஸு சொன்னான்னு சொல்லு."

சொன்னேன். மறுநாள் அவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை, அவளுக்காகப் போனேன். அம்மா ஒரு தடவைகூட விழவில்லை, நர்ஸே தலைசுற்றல் இல்லை என்கிறாள், மாத்திரையும் இல்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

பிரவின் குழாயைக் கீழே போட்டுவிட்டான். "நெசமாவா ஆன்டி? ஒரு தடவைகூட விழலியா?" அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. "அப்பாடா! எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா, தப்புப் பண்ணிட்டோமோன்னு. பாத்தீங்களா, அந்த எடம் அம்மாவுக்கு ஒத்துப்போச்சு. அப்ப அங்கயே நிம்மதியா இருக்கட்டும் லா."

என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தடவை நான் போனபோது வீரம்மா வாசல் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் காரைவிட்டு இறங்குவதற்குள் எழுந்துவிட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னடி சொன்னான்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நான்தான் சொன்னேன்ல, அவனுக்குத் தெரிஞ்சா போதும்னு" என்றாள். என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தட்டினாள். பிறகு தன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அதற்குள் வைக்க ஆரம்பித்தாள்.